உணவுத் தட்டே முதல் பாடசாலை

நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி). உண்ணும்போது அவருடைய கை தட்டெங்கும் அலைந்தது. நபியவர்கள் அவரை அழைத்து, அல்லாஹ்வின் பெயர் கூறவும், வலக்கையால் உண்ணவும், அருகிலுள்ளதை எடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

தாய்மார்களே! சொன்னவை சிறு சொற்கள். சொன்ன நேரமோ உண்ணும் நேரம். இதுவே நமக்குப் பாடம்.

6 மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு மசித்த சோறும் பருப்பும் கொடுக்கத் தொடங்குங்கள். 8 மாதமளவில், தானே எடுத்துத் தின்ன மென்மையான வாழைப்பழத் துண்டு வையுங்கள்; பக்கத்திலேயே இருங்கள். பிள்ளையின் முகம் பார்த்து "பிஸ்மில்லாஹ்" சொல்லுங்கள். "சோறு வேணுமா?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அது எழுப்பும் ஒலியே அதன் பதில். கைபேசியைக் காட்டி ஊட்டினால் வயிறு நிறையலாம், பேச்சு வளராது.

2 வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், "இவன் வாப்பாவும் சுணங்கித்தான் பேசினாங்க" என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவதில் தாமதம் கூடாது.