கெட்டிமேளத்துக்குத் தயாராகும் ஃபிளாஷ்

கல்யாண ஃபோட்டோ எடுக்கப் புதிதாக வரும் தம்பிகள் கேமராவுக்கும் லென்ஸுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். ஃபிளாஷ் என்று வரும்போது மட்டும், கடைக்காரர் எடுத்து நீட்டியதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மண்டபத்துக்குள் கால் வைத்துவிட்டால் மணப்பெண்ணின் முகம் எப்படித் தெரியப்போகிறது என்பதை லென்ஸைவிட அதிகமாகத் தீர்மானிப்பது ஃபிளாஷ்தான்.

பல வருஷம் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கியதில் எனக்குப் பிடிபட்டது இது: பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதன் தலை எந்தெந்தப் பக்கம் திரும்பும்? ஒருமுறை அடித்த பிறகு அடுத்ததற்கு எத்தனை நொடியில் தயாராகும்?

தலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கேமராவோடு சேர்ந்தே வருகிற குட்டி ஃபிளாஷ் லென்ஸுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் நேராகப் போய் நேராகத் திரும்பி வரும். அதனால் கண்மணி சிவக்கும். வியர்த்த நெற்றி பளபளக்கும். பின்னால் இருக்கிற சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். அரக்குப் பட்டில் ஜரிகை வேலைப்பாடு அத்தனையும் வெறும் வெள்ளைக் கோடாகிவிடும். விலை உயர்ந்த ஃபிளாஷை வாங்கி மேலே மாட்டி அதையும் நேராகவே அடித்தால் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் பலமாக.

தலையை மேலே நிமிர்த்தி வெள்ளைச் சீலிங்கில் அடித்தால் எல்லாம் மாறுகிறது. இரண்டு விரல் அகலக் கண்ணாடியிலிருந்து வந்த வெளிச்சம் சீலிங்கில் பரவி, அந்த இடமே ஒரு பெரிய விளக்காகிக் கீழே இறங்குகிறது. நிழலின் ஓரம் மென்மையாகிறது. பட்டு பட்டாகத் தெரிகிறது. நேர் செங்குத்தாக அடித்தால் கண்குழியில் நிழல் தேங்கும் என்பதால் நான் பெரும்பாலும் தலையைக் கொஞ்சம் பின்னுக்கோ பக்கத்துக்கோ சாய்த்துவிடுவேன். பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் வெளிச்சம் மாதிரி ஒரு பக்கமிருந்து வரும், முகத்துக்கு உருட்சி கிடைக்கும்.

இங்கேதான் வாங்கும்போது கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. சின்ன ஃபிளாஷ்கள் பலவற்றில் தலை மேலே நிமிரும், பக்கவாட்டில் திரும்பாது. கடையில் கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பார்க்கும்போது இது ஒரு குறையாகவே தோன்றாது. தாலி கட்டும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை குனிகிறார், நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்காகப் பின்னால் காத்திருக்கிறார், அட்சதை பறக்கிறது. இந்தக் காட்சியை நெடுக்குவாட்டில் எடுக்கக் கேமராவைத் திருப்புகிறீர்கள். சீலிங்கைப் பார்த்திருந்த ஃபிளாஷின் தலை இப்போது பக்கத்தில் நிற்கும் வீடியோகாரரின் காதைப் பார்க்கிறது. சுழலும் தலை இருந்தால் அதைத் திருப்பி மறுபடி சீலிங்குக்குக் கொண்டுவந்துவிடலாம். இல்லையென்றால் அந்தப் படம் இருட்டுதான். ஆகவே மேலே 90 டிகிரி, ஒரு பக்கமாவது 180 டிகிரி திரும்பாத ஃபிளாஷ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கல்யாண வேலைக்கு வேண்டாம் என்பேன்.

சீலிங் வெள்ளையாக இல்லாத இடங்களும் உண்டு. பச்சை டிஸ்டம்பர் அடித்த பழைய மண்டபத்தில் இப்படிச் சீலிங்கில் அடித்தால் முகமெல்லாம் பச்சை பூத்துவிடும். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டிய பந்தலிலும் அப்படியே. அந்த மாதிரி இடங்களில் வெளிச்சத்தை மேலே அனுப்பக்கூடாது. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஒரு ஸ்டாண்டில் வெள்ளைக் குடையோடு ஓரமாக நிறுத்தி, ரேடியோ ட்ரிக்கரில் அடிப்பதுதான் வழி. இப்போது வரும் பல மாடல்களில் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி அந்தப் பெரிய எண். கைடு நம்பர் என்பது ஒரு கணக்கு: ஐஎஸ்ஓ 100-இல், அந்த எண்ணை மீட்டரில் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அப்பர்ச்சர் கிடைக்கும். கணக்கு சரி. ஆனால் ஃபிளாஷின் தலைக்குள் ஒரு ஜூம் இருக்கிறது. வெளிச்சத்தைக் குறுக்கி ஒரே இடத்தில் குவித்தால் எண் ஏறும், விரித்தால் இறங்கும். எந்த ஜூமில் அளந்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. கேனான் 580 இஎக்ஸ் என்ற பெயரில் இருக்கிற 58, ஜூமை 105 மி.மீ.-இல் வைத்து அளந்தது. அதே ஃபிளாஷை 35 மி.மீ.-க்கு விரித்தால் 36. நிக்கான் தன் எஸ்பி-700-க்கு 28 என்று போடுகிறது. அது 35 மி.மீ.-இல் அளந்த எண். பெட்டியை மட்டும் பார்க்கிறவர் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு என்று நினைத்துவிடுவார். ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் 35 மி.மீ. எண்ணைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள்.

இந்த எண் மண்டபத்தில் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சீலிங் 20 அடி உயரம், அதாவது 6 மீட்டர். ஃபிளாஷிலிருந்து சீலிங்குக்குப் போய், அங்கிருந்து இறங்கி முகத்துக்கு வர மொத்தம் 9 மீட்டர் என்று வையுங்கள். ஐஎஸ்ஓ 800 வைத்தால் 36 என்ற கைடு நம்பர் ஏறக்குறைய 100 ஆகிறது. 100-ஐ 9-ஆல் வகுத்தால் எஃப் 11. சீலிங் விழுங்குவது, சிதறுவது எல்லாம் சேர்த்து இரண்டு ஸ்டாப் கழித்தால் எஃப் 5.6. நான் எஃப் 4-இல் எடுப்பதாக இருந்தால் ஃபிளாஷ் பாதி சக்தியில் அடித்தால் போதும், எஃப் 2.8 என்றால் கால்வாசி. இதே இடத்தில் 35 மி.மீ.-இல் கைடு நம்பர் 20 மட்டுமே உள்ள சின்ன ஃபிளாஷை வைத்தால், எஃப் 2.8-க்கே அது கிட்டத்தட்ட முழு சக்தியில் அடித்தாக வேண்டும். படம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அது தன் முழு மூச்சையும் கொடுத்துவிட்டு, திரும்ப நிரம்புவதற்குள் அடுத்த தருணம் போய்விடும்.

பெரிய ஃபிளாஷ் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். கால்வாசி சக்தியில் அடிக்கிற ஃபிளாஷ் உடனே அடுத்ததற்குத் தயாராக இருக்கும். கெட்டிமேளம் கொட்டுவது சில நொடிகள். தவில் சத்தம் உச்சத்தில் இருக்கும்போது, பின்னால் எரிகிற அந்தச் சின்னச் சிவப்பு விளக்குக்காகக் காத்து நிற்பதைப் போல ஒரு தவிப்பு இந்தத் தொழிலில் வேறு கிடையாது. மாப்பிள்ளையிடம் இன்னொரு முறை கட்டுங்கள் என்று கேட்க முடியாது.

சார்ஜ் ஆகிற நேரத்தில் பாதி பங்கு பேட்டரிக்கு. காடாக்ஸ் நிறுவனத்தின் இரண்டு மாடல்களைப் பாருங்கள்: டிடி 685, வி 860 மார்க் 2. இரண்டின் சக்தியும் ஒன்றேதான். முதலாவது நான்கு ஏஏ பேட்டரியில் ஓடுகிறது. இரண்டாவது தனி லித்தியம் பேட்டரியில். முழு சக்தியில் அடித்தபின் நிரம்ப முதலாவதுக்கு 2.6 நொடி, இரண்டாவதுக்கு 1.5 நொடி. ஒரு சார்ஜில் முதலாவது 230 முறை, இரண்டாவது 650 முறை அடிக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. முகூர்த்தம், ரிசப்ஷன் என்று இரண்டு வேளை ஓடுகிறவருக்கு லித்தியம்தான் என் சிபாரிசு. வீட்டு விசேஷம், குழந்தைகள் படம் என்று எடுப்பவருக்கு ஏஏ போதும். ஆனால் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையாக இருக்க வேண்டும்.

உதவிக்கு வரும் பையன் ஒருவன் ஒருமுறை புத்தம்புது அல்கலைன் செட்டைப் போட்டுக் கொண்டுவந்தான்.

“அண்ணே, இதுல ஒன்றரை வோல்ட் போட்டிருக்கு. ரீசார்ஜ் செல்லுல ஒண்ணு புள்ளி ரெண்டுதான். இதுதானேண்ணே பவர்?”

“ரெண்டையும் போட்டு முழு பவர்ல அடிச்சுப் பாரு தம்பி. விளக்கு எப்ப எரியுதுன்னு நீயே எண்ணு.”

எண்ணினான். அப்புறம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அல்கலைனின் உள் மின்தடை அதிகம். ஃபிளாஷ் ஒரே மூச்சில் கேட்கிற மின்சாரத்தை அதனால் கொடுக்க முடியாது. எனிலூப் மாதிரி, சும்மா இருக்கும்போது சார்ஜ் அதிகம் இறங்காத வகையில் இரண்டு செட் வைத்துக்கொண்டு, நான்கையும் ஒன்றாகவே சார்ஜ் செய்து ஒன்றாகவே போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

அடுத்து, கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூ. இதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. நடுவில் இருக்கும் பெரிய புள்ளிதான் ‘இப்போது அடி’ என்று சொல்வது. அது எல்லாக் கம்பெனிக்கும் பொது. சுற்றியிருக்கும் சின்னப் புள்ளிகள், எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேமராவே முடிவு செய்யும் டிடிஎல் மாதிரி பேச்சுவார்த்தைக்கு. அவை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் வேறு நிறுவனத்து ஃபிளாஷ் வாங்கினால் உங்கள் கேமராவுக்கான வகைதானா என்று பார்க்க வேண்டும். சோனி 2012 முதல் தன் ஷூவின் அமைப்பையே மாற்றிவிட்டது, அதற்குத் தனி மாடல்தான். கேனானின் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் அந்த நடுப்புள்ளியே கிடையாது. நடுப்புள்ளியை மட்டும் நம்பி ஓடுகிற மேனுவல் ஃபிளாஷ்களும் சாதாரண ட்ரிக்கர்களும் அவற்றில் அடிக்காது. கேனானுக்கென்றே செய்த டிடிஎல் வகைதான் வேண்டும். மாணவர்கள் அதிகம் வாங்குகிற கேமராக்கள் இவை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கேமராவைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், மாட்டி அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டிடிஎல் வேண்டுமா, மேனுவல் போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேலையைப் பொறுத்தது. டிடிஎல்லில் ஃபிளாஷ் முதலில் மெலிதாக ஒருமுறை மின்னும். அது திரும்பி வருவதைக் கேமரா அளந்து, எவ்வளவு அடிக்க வேண்டும் என்று முடிவு செய்யும். மாப்பிள்ளை அழைப்பில் ஊர்வலத்தோடு பின்னால் நடந்துகொண்டே எடுக்கும்போது தூரம் நொடிக்கு நொடி மாறும். அங்கே டிடிஎல் இல்லாமல் தவிப்பீர்கள். ரிசப்ஷன் மேடை வேறு. நீங்கள் நிற்கிற இடம் மாறாது, ஜோடி நிற்கிற இடமும் மாறாது. வரிசையில் வருகிறவர்களின் உடைதான் மாறுகிறது. வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர் வந்தால் டிடிஎல் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கறுப்புக் கோட்டில் வந்தால் கூட்டிவிடும். மணப்பெண்ணின் முகம் படத்துக்குப் படம் நிறம் மாறி, ஆல்பம் போடும்போது ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும். மேடைக்கு மேனுவலில் ஒருமுறை அளந்து வைத்துவிடுவேன். கடைசி விருந்தினர் வரை ஒரே வெளிச்சம். கையில் காசு குறைவாக இருந்து ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், மேனுவலும் உள்ள டிடிஎல் ஃபிளாஷ் ஒன்று. இரண்டாவது ஃபிளாஷ் வாங்கும்போது ஸ்டாண்டில் நிறுத்த வெறும் மேனுவல் போதும். ஆனால் இரண்டும் ஒரே ரேடியோ அமைப்பில் பேசுகிறவையாக இருக்கட்டும்.

வெளியில் பகலில் எடுப்பவர்களுக்கு ஹை ஸ்பீடு சிங்க் தேவை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 வைத்தால் ஷட்டர் வேகம் 1/3200-ஐ ஒட்டிப் போகும். பெரும்பாலான கேமராக்களில் சாதாரண ஃபிளாஷ் 1/200 அல்லது 1/250 வரைதான் ஒத்துழைக்கும். அதற்கு மேல் போனால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும். ஹை ஸ்பீடு சிங்க் இதைத் தீர்க்கிறது, பதிலுக்குச் சக்தியில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. தரங்கம்பாடிக் கடற்கரையில் மதியம் ஜோடியை எடுக்கப் போகிறவர் இதையும் மனதில் வைத்துக்கொண்டு பெரிய ஃபிளாஷாக வாங்குவது நல்லது.

ஃபிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷ் வீட்டில் கிடக்கிறது, அதையே மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாட்ட வேண்டாம். அவற்றில் சிலவற்றின் நடுப்புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். டிஜிட்டல் கேமராவின் உள்சர்க்யூட் பலவும் அதைத் தாங்காது. கெட்டுப்போன ஃபிளாஷை நீங்களே திறந்து பார்ப்பதும் கூடாது. பேட்டரியை எடுத்துவிட்டாலும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கும். அது விளையாட்டுக் காரியமில்லை.

டிஜிட்டல் கால ஃபிளாஷைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது தப்பில்லை. என் பையில் அப்படி வந்தவை உண்டு. பேட்டரி மூடியைத் திறந்து தகடுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். முன் கண்ணாடி மஞ்சளித்திருந்தாலோ உள்ளே கருகல் தெரிந்தாலோ நிறைய அடித்துத் தேய்ந்தது என்று அர்த்தம். தலையை எல்லாப் பக்கமும் திருப்பி, வைத்த இடத்தில் நிற்கிறதா, தொங்குகிறதா என்று சோதியுங்கள். பிறகு உங்கள் சொந்த பேட்டரியைப் போட்டு, மேனுவலில் முழு சக்தி வைத்து, வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பத்து முறை அடியுங்கள். விளக்கு எரிந்த பிறகே ஒவ்வொன்றும். முதல் படத்தையும் பத்தாவது படத்தையும் கேமராத் திரையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஒன்றாக இருந்து, நிரம்பும் நேரமும் பெரிதாக நீளாமல் இருந்தால் பேரம் பேசத் தொடங்கலாம்.