கோப்பு மாறினால் ஓடும் ஸ்கிரிப்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோப்பு ஒன்று மாறியதும் குறிப்பிட்ட ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டும் கருவிகள் நிரலாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. அச்சகத்துக்கு வந்து சேரும் பிடிஎஃப்களைப் பிரித்து அடுக்கவும், ஸ்கேன் செய்த ரசீதுகளுக்குத் தேதியிட்டுப் பெயர் வைக்கவும், இணையதளத்தைப் புதுப்பிக்கவும் சிறிய அலுவலகங்கள்கூட இவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதில் தவறான நம்பிக்கைகள் பல.

இக்கருவி கோப்பை ஓயாமல் திறந்து பார்ப்பதால் கணினி மந்தமாகிவிடும் என்பது பழைய அச்சம். லினக்ஸில் இந்த வேலையைக் கெர்னலே செய்கிறது. 2005 ஆகஸ்டில் வெளிவந்த 2.6.13 பதிப்பில் ஐநோட்டிஃபை என்ற வசதி சேர்ந்தது. ஒரு கோப்புறையைக் கவனிக்கச் சொல்லி நிரல் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும்; மாற்றம் நடந்தால் கெர்னல் தகவல் சொல்லும். அதுவரை நிரலுக்கு வேலையே இல்லை. மேக் கணினிகளுக்கு 2007இல் எஃப்எஸ்ஈவன்ட்ஸ் என்ற இதுபோன்ற வசதி வந்தது. விண்டோஸிலும் இதற்கென வசதி உண்டு. இவை எதுவும் கைகொடுக்காத இடங்களில் மட்டும் சில கருவிகள் குறித்த இடைவெளியில் கோப்புறையைச் சுற்றி வந்து பார்க்கின்றன. அந்த முறைதான் கணினிக்குச் சுமை. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் (make) நிரலையும் இவற்றோடு சேர்த்துப் பேசுவதுண்டு. அது எதையும் கண்காணிப்பதில்லை. கூப்பிடும்போது கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவே.

அதிகச் சேதம் விளைவிப்பது அடுத்த நம்பிக்கை: கோப்பு தென்பட்டுவிட்டால் அது முழுமையாக வந்துவிட்டது. மலேசியாவின் யான் நகரக் கடை ஒன்று தீபாவளி விளம்பரத்தின் 200 எம்பி பிடிஎஃப்பைச் சுங்கை பட்டாணி அச்சகத்துக்கு அனுப்புகிறது என்று கொள்வோம். அச்சகக் கணினியில் அந்தப் பெயர் உருவான கணமே முதல் தகவல் வந்துவிடும். அப்போது கோப்பில் ஒரு பைட்கூட இல்லாமலிருக்கலாம். பிறகு தரவு வர வர, 'மாறியது', 'மாறியது' என்று தகவல்கள் குவியும். முதல் தகவலிலேயே ஓடும் ஸ்கிரிப்ட் அரைகுறைக் கோப்பை அச்சுக்குத் தள்ளும். ஒவ்வொரு தகவலுக்கும் ஓடுவது ஒரே வேலையைப் பல முறை செய்யும். 'எழுதி மூடப்பட்டது' என்ற தகவலுக்குக் காத்திருப்பது இதற்கு நல்ல வழி. அதைவிட நல்லது, அனுப்பும் நிரல் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, அதே வட்டில் இறுதிப் பெயருக்கு மாற்றுவது. பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பதால் பாதிக் கோப்பு அந்தப் பெயரில் யார் கண்ணிலும் படாது.

இப்படிப் பெயர் மாற்றும் உத்தி எடிட்டர்களிலும் உண்டு; அங்கே அது சிக்கலாகிறது. விம் போன்ற எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பை ஒதுக்கிவிட்டு அதே பெயரில் புதிய கோப்பை உருவாக்குவதுண்டு. கண்காணிப்போ பழைய கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் சேமிப்புக்கு ஸ்கிரிப்ட் ஓடி, அடுத்ததற்கு ஓடாமல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கோப்பை விட்டு அதன் கோப்புறையைக் கண்காணித்தால் சிக்கல் தீரும். ஆனால் ஸ்கிரிப்ட் தன் விளைவை அதே கோப்புறையில் எழுதக் கூடாது. எழுதினால் அந்த எழுத்தே புது மாற்றமாகி, ஸ்கிரிப்ட் தன்னைத் தானே முடிவின்றி அழைத்துக்கொண்டிருக்கும்.

பகிர்வுக் கோப்புறையில் யார் எதை வைத்தாலும் தெரிந்துவிடும் என்று நம்புவதும் தவறு. தன் கணினியின் வழியாக நடக்கும் மாற்றங்களை மட்டுமே ஐநோட்டிஃபை அறியும். சர்வரில் உள்ள கோப்புறையை நெட்வொர்க் வழியாக இணைத்து, அதில் பக்கத்து மேசைக்காரர் கோப்பை வைத்தால் இங்கே ஒரு தகவலும் வராது. பிழைச் செய்தியும் இல்லை என்பதால் எல்லாம் நலம் என்றே தோன்றும். கண்காணிக்கும் நிரலை அந்தச் சர்வரிலேயே ஓட்டுவதுதான் சரி.

எந்த மாற்றமும் தப்பாது என்ற உறுதியும் கிடையாது. தகவல்கள் காத்திருக்கும் வரிசைக்கு எல்லை உண்டு, வழக்கமாக 16,384. நிரம்பி வழிந்தால் மிச்சத் தகவல்கள் தொலையும், வழிந்தது என்ற செய்தி மட்டும் வரும். மேல் கோப்புறையைக் கண்காணித்தால் உள்ளே இருக்கும் துணைக் கோப்புறைகளும் அடங்கும் என்பதும் ஐநோட்டிஃபைக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு வேண்டும். முன்பு ஒரு பயனருக்கு 8,192 பதிவுகளே பொதுவான உச்சம். 2021இல் வந்த 5.11 கெர்னல் முதல் நினைவகத்தைப் பொறுத்து அது உயர்கிறது. கண்காணிக்கும் நிரல் ஓடாமல் நின்றிருந்த நேரத்து மாற்றங்களைச் சொல்ல இந்த முறைக்கு வழியே இல்லை. ஆகவே நிரல் தொடங்கும்போதும் வரிசை வழியும்போதும் கோப்புறை முழுவதையும் ஒருமுறை அலசியே ஆக வேண்டும். வாட்ச்மேன் என்ற கருவி இந்த மறு அலசலைத் தானே செய்கிறது.

மாறியவுடன் நகலெடுக்கும் ஸ்கிரிப்ட்டைப் பேக்கப் என்று எண்ணுவது ஆபத்து. தவறாகத் திருத்திய கோப்பும் அதே வேகத்தில் நல்ல நகலின் மேல் எழுதப்படும். பழைய பதிப்புகளை வைத்திருப்பதுதான் பேக்கப்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போருக்குத் தனியாக ஒன்று உண்டு. பெயர் ஒன்றுபோல் தெரிந்தால் ஒன்றுதான் என்ற நம்பிக்கை யூனிகோடில் செல்லாது. 'கோ' என்ற எழுத்தில் ககரத்தை அடுத்து ஓகாரக் குறி ஒன்றே வரலாம். அல்லது இரட்டைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் வேறுபாடே தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுமுறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் வந்த பைட்டுகளை வந்தபடியே வைக்கும். இதனால் 'கோல மூடா', 'பீடோங்', 'அலோர் ஸ்டார்' ஆகிய ஊர்ப் பெயர்களில் தொடங்கும் கோப்புகளைத் தேடும் விதி, மேக்கிலிருந்து வந்தவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஓகாரம் இல்லாத 'யான்', 'கூலிம்' ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அத்தகைய பெயர்களை மட்டும் வைத்துச் செய்த சோதனையில் தேறிய ஸ்கிரிப்ட் பின்னர் தவறுவது அதனால்தான். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இது பொதுவானது. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் ஸ்கிரிப்ட் எதுவாயினும், ஒப்பிடுவதற்கு முன் இரு பெயர்களையும் யூனிகோடின் ஒரே இயல்பு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும்.