கரடியும் புலியும் தேடிய புதையல்

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்குப் புதையல் கதை என்றால் உயிர். ஆனால் எல்லாக் கதையும் பெரும் பணக்காரன் ஆவதோடு முடிகிறது. வேறு மாதிரி படப்புத்தகம் உண்டா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அவசியம் யானோஷைத் தேடிப் பிடியுங்கள். ஜெர்மன் எழுத்தாளர், படமும் அவரே வரைவார். 'வா, ஒரு புதையல் கண்டுபிடிப்போம்' என்று பொருள்படும் அவருடைய புத்தகம் 1979-இல் வந்தது. ஆற்றோரம் ஒரே வீட்டில் வாழும் குட்டிக் கரடிக்கும் குட்டிப் புலிக்கும் ஒருநாள் மீன் அகப்படவில்லை. பணம் இருந்தால் சந்தோஷமாக இருக்கலாமே என்று புதையல் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். தோண்டித் தோண்டிக் களைத்த பிறகு, புதையல் ஒரு மரத்தில் தங்க ஆப்பிள்களாகத் தொங்குகிறது!

எனக்கு மிகவும் பிடித்தது அதன்பின் வரும் பகுதிதான். பழங்களின் கனம் தாங்க முடியவில்லை. அவற்றைக் கொடுத்துக் காகிதப் பணமாக மாற்றுகிறார்கள். அதில் பாதியை அரசனின் ஆள் வரியாக வாங்கிக்கொள்கிறான். மீதியைத் திருடன் பறித்துக்கொள்கிறான். வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, பறவைகளின் பாட்டைக் கேட்டு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். வரி, திருட்டு, இழப்பு எல்லாவற்றையும் பயமுறுத்தாமல் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறார் மனிதர். அது பெரிய கலை.

ஆங்கிலத்திலும் இந்தப் புத்தகம் வந்திருக்கிறது. படங்களைக் காட்டி, உங்கள் வீட்டுத் தமிழிலேயே கதை சொல்லுங்கள். திருடன் வரும் பக்கத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.