வன்வட்டை மாற்றுவோம், மடிக்கணினியை மீட்போம்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு தாய், மகளுடன் பள்ளிக்கு வந்தார். மூத்த மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி இயங்கவில்லை. கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்ட் அதில்தான் இருந்தது. "கடையில புதுசு வாங்கச் சொல்றாங்க சார். சோல் தேஞ்சா ஷூவையே தூக்கிப் போடுவோமா?" என்றார்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் நம் மாணவர்களின் பல வீடுகளில் மடிக்கணினி இருக்கிறது. அது பழுதானால் பெரும்பாலும் பரணுக்குப் போய்விடுகிறது. பல நேரங்களில் கெட்டுப்போயிருப்பது வன்வட்டு எனும் ஹார்டு டிஸ்க் மட்டுமே.

அறிகுறிகள்

இயங்குதளம் ஏறத் தாமதமாகும், கோப்புகள் திறக்காது, 'டிக் டிக்' ஓசை வரும். ஓசை வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கினால் மீட்கக் கூடியதும் போய்விடும். வட்டில் மாற்றில்லாத ஆவணங்கள் இருந்தால் தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

முதலில் தரவு

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், வேறொரு கணினியில் ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு பாஸ் லினக்ஸை ஏற்றினோம். இதைச் செய்யும்போது பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இலவச இந்திய இயங்குதளம். தமிழில் தட்டச்சு செய்யலாம். மடிக்கணினியை இயக்கியதும் எஃப்12 அல்லது எஃப்9 விசையை அழுத்தி (நிறுவனத்துக்கேற்ப மாறும்) பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, எதையும் நிறுவாமலே பாஸைத் திறந்தோம். பழைய வட்டிலிருந்து ப்ராஜெக்ட், சான்றிதழ்கள், படங்கள் என்ற வரிசையில் வெளி வட்டுக்கு நகலெடுத்தோம். படங்களில் இரண்டு கோப்புறைகள் கிடைக்கவில்லை. முக்கியமானதை முதலில் எடுத்ததால் ப்ராஜெக்ட் தப்பியது.

வட்டை மாற்றுதல்

1. மின் இணைப்பையும் பேட்டரியையும் அகற்றுக. பேட்டரி உள்ளே இருந்தால் மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பை முதலில் கழற்றுக.
2. உடலின் நிலைமின்சாரம் வெளியேற உலோகப் பொருளொன்றைத் தொடுக.
3. தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் திருகுகளை அந்தந்த இடத்தில் வைக்க.
4. வட்டை இணைப்பிலிருந்து நேராக இழுத்தெடுத்து, அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்துக. இதில் சுழலும் பாகம் இல்லை. பழைய கணினியும் விரைவாக இயங்கும்.

இயங்குதளம் நிறுவுதல்

நகலெடுத்த வெளி வட்டைக் கழற்றிவிட்டுத்தான் நிறுவத் தொடங்க வேண்டும். தவறுதலாக அதைத் தேர்ந்தெடுத்தால் மீட்ட அனைத்தும் அழியும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, 4 ஜிபி ரேம் போன்ற தகுதிகள் வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு அவை இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. எனவே பாஸையே நிறுவினோம். பிறகு வைஃபை, ஒலி, தமிழ் விசைப்பலகை ஆகியவற்றைச் சோதித்து, கோப்புகளைத் திருப்பி ஏற்றினோம்.

கவனிக்க

பள்ளிக் கணினிகளை நாமாகத் திறக்கக் கூடாது. தலைமையாசிரியர் வழியாகப் பராமரிப்புப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். கழற்றிய வட்டைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்காதீர்கள். ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்கலாம். விரைவு ஃபார்மட் செய்தாலும் அவற்றை மீட்க முடியும். வட்டு முழுவதையும் மேலெழுதி அழித்தபின் மின்கழிவாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

வகுப்பறையில்

கழற்றும்போது ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நால்வர் உடனிருந்தனர். ரேமையும் வட்டையும் தொட்டுப் பார்த்த ஒருத்தி, "கரண்ட் போனா இது மறந்துடும், அது மறக்காது, அப்படித்தானே சார்?" என்றாள். முதன்மை நினைவகம், இரண்டாம் நிலை நினைவகம் என்று நான் பலமுறை எழுதிப்போட்ட பாடம் அன்றுதான் புரிந்திருக்கிறது. உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். யார் வீட்டுப் பரணிலாவது ஒரு மடிக்கணினி இருக்கும்.