பர்மா போன பாட்டனாரின் பதக்கம்

கேள்வி: பாட்டி காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய மெடல் கிடைத்தது. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. மறுபக்கம் சிறகுள்ள ஒரு பெண், உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு முடிசூட்டுகிறாள். மேலே உள்ள பட்டையில் ‘பர்மா 1885–7’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பாட்டியின் தாத்தா சுபேதாராக இருந்தவர், பர்மா ராஜாவையே பிடித்து வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். நகைக்கடையில் காட்டினோம். “வெள்ளி இல்லை, வெண்கலம், விலை போகாது” என்றுவிட்டார்கள். இது அவருடையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, ஆற்காடு

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நீங்கள் தேடும் ஆள் அந்த மெடலின் விளிம்பில்தான் இருக்கிறார். பளபளப்பாக்குகிறேன் என்று நம் வீடுகளில் அழித்த பெயர்கள் ஏராளம்.

உங்களிடம் இருப்பது 1854இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். ஒவ்வொரு படையெடுப்புக்கும் தனி மெடல் அடிக்காமல், ஒரே மெடலில் அந்தந்தப் போரின் பெயர்ப்பட்டையை மாட்டிக் கொடுத்தார்கள். நீண்ட காலம் வெள்ளியில் மட்டுமே வந்தது. ‘பர்மா 1885–7’ பட்டையிலிருந்துதான் வெண்கலத்திலும் கொடுக்கத் தொடங்கினார்கள். யாருக்கு? சுபேதாருக்கு அல்ல, சிப்பாய்க்கும் அல்ல. அவர்களுக்கெல்லாம் வெள்ளிதான். வெண்கலம், படையோடு போன தொழிலாளர்களுக்கு: காயம்பட்டவர்களை டோலியில் தூக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், சமையல்காரர்கள், துப்புரவு செய்தவர்கள்.

ஆகவே சுபேதார் கதை இடிக்கிறது. வருத்தப்பட வேண்டாம். நான்கு தலைமுறை தாண்டி வரும் கதையில் பாட்டனாருக்குப் பதவி உயர்வு கிடைப்பது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். இந்த மெடல் வேறொருவருடையதாக இருந்து, சுபேதாரின் வெள்ளி மெடல் எப்போதோ உருக்கப்பட்டிருக்கவும் வழி உண்டு. தீர்ப்புச் சொல்ல வேண்டியது விளிம்பு.

அதைப் படிக்கும் விதம் இது. இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து மெடலை மெல்லச் சுழற்றுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும். எண், பதவி அல்லது வேலை, பெயர், பிரிவு என்ற வரிசையில் பெரும்பாலும் இருக்கும். பெயரில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரக் காதில் விழுந்த முனுசாமி ஓரிடத்தில் ‘மூனிசாமி’, இன்னோரிடத்தில் ‘முன்னசாமி’. நீங்கள் திருத்தி எழுதினால் பட்டியலில் அவர் அகப்படமாட்டார். தகப்பன் பெயரையும் ஊரையும் விளிம்பில் எதிர்பார்க்காதீர்கள். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டும் பயனில்லை. அன்று ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தனித்தனியாக எண் போட்டது. விளிம்பின் ஒரு பகுதி மட்டும் வழவழவென்று ஒடுங்கியிருந்தால், பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் வெட்டியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

ராஜாவைப் பிடித்த விஷயம். ஜெனரல் பிரெண்டர்காஸ்ட்டின் படை ஐராவதி ஆற்றில் நீராவிப் படகுகளில் ஏறிப் போய், 1885 நவம்பர் முடிவதற்குள் மாண்டலேயில் திபா மன்னரைச் சரணடைய வைத்துவிட்டது. உண்மையான சண்டை அதன் பிறகுதான் தொடங்கியது. காடுகளில் மறைந்து தாக்கியவர்களை அடக்க ஆண்டுக்கணக்காயிற்று. உங்கள் பட்டை 1885 நவம்பர் 14 முதல் 1887 ஏப்ரல் 30 வரையிலான சேவைக்கு உரியது. மன்னர் போன பிறகு கப்பலேறியவருக்கும் இதே பட்டைதான். இதில் ஒரு வேடிக்கை: திபாவை ரத்னகிரிக்குக் கொண்டுபோகும் முன் சில மாதம் மதராஸில் வைத்திருந்தார்கள். பர்மாவுக்குப் போகாமலேயே அவரைப் பார்த்த தமிழர்களும் இருந்திருப்பார்கள்.

இனி ஆவணம். கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் மெடல் பட்டியல்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துருப்புகளுக்கானவை. நம்மவர்களைத் தேட வேண்டிய இடம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். அதற்குமுன் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்திலும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ராணுவத் துறைக் கோப்புகளிலும் பாருங்கள். சிப்பாயைவிடத் தொழிலாளரைப் பற்றிய காகிதம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆளைத் தேடிக் கிடைக்காவிட்டால் அவர் சேர்ந்திருந்த பிரிவைத் தேடுங்கள். அது எங்கே போனது, என்ன செய்தது என்பது கிடைக்கும். விளிம்பில் கமிசேரியட் என்று இருந்தால் உணவு, போக்குவரத்துத் துறை. ரெஜிமென்ட் எண் இருந்தால் 1903இல் எண்கள் மாறியதை மறக்காதீர்கள்: மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டினார்கள். 23ஆம் படை 83ஆம் வாலாஜாபாத் படை ஆனது அப்படித்தான். வெலிங்டனில் இன்றிருக்கும் மதராஸ் ரெஜிமென்ட், இடையில் கலைக்கப்பட்டு 1941இல் மறுபடி எழுப்பப்பட்டது. அங்கே மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். உலகப் போர்களில் இறந்தவர்களுக்கான காமன்வெல்த் கல்லறை ஆணையத்தின் பட்டியலிலும் தேட வேண்டாம். இவர் அதற்கு ஒரு தலைமுறை முந்தியவர்.

விளிம்பில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுதி, நான்கு கோணப் படங்களோடு அனுப்புங்கள். அந்த வேலைப்பெயர் என்னவென்று நான் சொல்கிறேன்.