மாயக்கதை எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு

குரங்கணியில் கொட்டகுடி ஆற்றுக்குப் பக்கத்தில் என் வீடு. டாப் ஸ்டேஷன் மலை ஏற வருகிற பிள்ளைகளில் ஒருவரிருவர் நோட்டும் கையுமாகத் திண்ணையில் வந்து உட்கார்வார்கள். "இந்த ராஜ்ஜியமெல்லாம் உங்களுக்கு எங்கேயிருந்து வருது ஐயா?" என்பார்கள். நாற்பது வருடம் எழுதிய உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் ஊர் மலையை நடந்து பாருங்கள். என் முதல் கையெழுத்துப் பிரதியில் பனி கொட்டும் கோட்டை ஒன்று இருந்தது. பனி கொட்டி நான் பார்த்ததேயில்லை. படித்த ஆசிரியர் ஒருவர் என் நாயகனைச் சுட்டி ஓரத்தில் ஒரே கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: 'குளிரில் இவன் விரல் என்ன ஆகும்?' என்னிடம் பதில் இல்லை. அந்த வாரமே விடியுமுன், டாப் ஸ்டேஷன் போகும் வழியில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை ஏறினேன். மேகம் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்தது. முதலில் என் செருப்பு மறைந்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. தலைக்கு மேலே வானம் மட்டும் பளிச்சென்று இருந்தது. கெண்டைக்காலில் அட்டை கடித்தது வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே யாருக்கும் எதுவும் தெரியாத என் நகரம் அன்றைக்குப் பிறந்தது. டோல்கீனும் 1911இல், பத்தொன்பது வயதில், ஸ்விட்சர்லாந்து மலைகளில் நடந்தவர். 'ஹாபிட்' கதையில் வரும் மலைப் பயணத்துக்கு அந்த நடைதான் மூலம் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

2. நடந்த வரலாற்றைப் படியுங்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது சின்ன ரயிலானது. அதில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது. ஆகாயத்தில் பெட்டிகள் மிதந்துவரும் ஒரு மலையை நீங்கள் கற்பனை செய்தால், இந்த ஊர்ப் பெரியவர்கள் அது தங்கள் தாத்தா காலத்துக் கதை என்பார்கள்.

3. உங்கள் ராஜ்ஜியத்தில் சோறு எங்கிருந்து வருகிறது? இதைச் சொல்லத் தெரியாதவரிடம் மந்திரவாதியை நம்பி ஒப்படைக்க முடியாது. எங்கள் பக்கம் அது ஏலக்காயிலிருந்து வருகிறது. ஏலச்செடி ஆளை மறைக்கும் உயரம் வளரும். காயோ தூரடியில், தரையோடு கிடக்கும் சரத்தில்தான் பிடிக்கும். காய் எடுக்கிற பெண் நாளெல்லாம் குத்தவைத்தே நகர வேண்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போய் அவள் எடுத்துவரும் அந்தக் காய், 2019இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. சில வருடங்களிலேயே ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. அந்த ஏற்றத்தில் வீடு கட்டத் தொடங்கியவர்களும், இறக்கத்தில் நகையை அடகு வைத்தவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் குத்தவைத்தவளின் முட்டி வலி ஒன்றுதான். உங்கள் அரசன் அவளை அறிந்தவனாக இருக்கட்டும்.

4. தமிழில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்', 1997இல் வந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்', சு. வெங்கடேசனின் 'வேள்பாரி'. பறம்பு மலையின் செடிகொடியையும் விலங்கையும் 'வேள்பாரி' எப்படிக் கதைக்குள் நடமாட விடுகிறது என்பதைப் பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள்.

5. தினமும் எழுதுங்கள். ஜெயமோகன் 2014இல் தொடங்கிய 'வெண்முரசு' நாளுக்கு ஓர் அத்தியாயமாக வளர்ந்து, 2020இல் 26 நாவல்களாக முடிந்தது. உங்களுக்கு ஒரு பக்கம் போதும்.

6. அடுத்தவர் தெய்வத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் தாங்கள் என்று இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளைச் சுமந்து வந்தோம் என்பாரும் உண்டு. கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு பெரிய கதை. மறுவாரம் திரும்பப் போய், எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டேன். ஒரு பகுதியை எழுதச் சொன்னார்கள், ஒரு பகுதி வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றது இன்றுவரை என்னோடு இருக்கிறது.

7. சாவை அலங்காரமாக எழுதாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று இந்தக் காட்டில் தீப் பிடித்தது. மலையேற வந்த இளம்பிள்ளைகள் பலர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தப் போரிலும் அழகான நெருப்பு கிடையாது. எரியும் ஊரை எழுதுமுன், அதில் சிக்கியவர்களின் தாய் படிப்பாள் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

8. அதே 2018இல், சில மாதங்கள் கழித்து, கொழுக்குமலைப் பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ, அடுத்து 2030இல் வரும். இன்றைக்கு முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். பூ வரும்போது முடித்த நாவலை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வாருங்கள். நான் இருந்தால் படிப்பேன்.