அச்சு எடுப்போம், உருவம் வார்ப்போம்



சின்ன கோச்சி, பஸ், யானை என்று உருவங்கள் வார்க்கப் பழகலாமா என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். பழகலாம். நாங்கள் முறையைச் சொல்கிறோம்.

1. அச்சு: ஒரு பக்கம் தட்டையான உருவமாக எடுங்கள். அதை ஓட்டையில்லாத சின்னப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். சிலிக்கன் ரப்பரை டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படி கலந்து, பெட்டியின் ஒரு மூலையில் நூல் மாதிரி ஊற்றுங்கள். அது தானே பரவி உருவத்தை மூடும்; குமிழியும் குறையும். இறுகியதும் உருவத்தைக் கழற்றுங்கள். அச்சு ரெடி.

2. வார்ப்பு: எபொக்சி ரெசினையும் ஹார்ட்னரையும் சரியாக அளந்து, கப்பின் ஓரம், அடி எல்லாம் வழித்து மெதுவாகக் கலக்கி, அச்சில் ஊற்றி மூடி வையுங்கள். ஹார்ட்னரைக் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது பிழை. பிசுபிசுப்பாகவே கிடக்கும், காசும் வீண். நம் மலைக் குளிரில் இறுக நேரம் எடுக்கும். பொறுத்திருங்கள். பொலியூரித்தேன் ரெசின் ஈரம் பட்டால் நுரைக்கும். மூடுபனி இறங்குகிற நம் இடத்துக்குத் தொடக்கத்தில் அது வேண்டாம்.

3. பாதுகாப்பு: இறுகாத ரெசின் தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. கொழுந்து பறிக்கிற கைக்கு அது வரலாமா? நைட்ரைல் கையுறை போடுங்கள். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தின்னர் தொடாதீங்க. காம்பராவுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் செய்ய வேண்டாம். காற்றோட்டமான இஸ்தோப்பில் செய்யுங்கள். கைக்குழந்தைகளை எட்ட வையுங்கள்.

முதல் உருவம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை. கை நல்லாயிருந்தால் அடுத்தது நேராக வரும்.